வீரணன் தெருவுக்கு எத்தனை குடம்

நான் வேலை பார்க்கிற ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் பெயர் வீரணன். அவருக்கு யாராவது வணக்கம் வைத்தால், முதலில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார். யாரும் இல்லை, வணக்கம் தனக்குத்தான் என்று தெரிந்த பிறகு, அது எதற்காக என்று கொஞ்ச நேரம் யோசிப்பார். அப்புறம்தான் கை மேலே எழும்பும். டீக்கடையில் யார் வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பரளச்சியைத் தாண்டிப் போய் பஸ் திரும்புகிற ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன். சொன்னால், இதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்.

என் பெயர் கிருஷ்ணப்ரியா. அந்த ஊர் ஈராசிரியர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறவள். வகுப்பில் மொத்தம் பதினொரு பிள்ளைகள். போன வாரம் கணக்கில் எங்களுக்கு வந்த பாடம், எண்ணியதைப் படமாக வரைவது. திங்கட்கிழமை வகுப்பில் இருக்கிற பென்சில்களை எண்ணினோம், வேப்ப இலைகளை எண்ணினோம். நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டு கட்டுகிற வித்தை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எதைப் பார்த்தாலும் கோடு போட ஆரம்பித்துவிட்டார்கள். சரி, இதையே வீட்டுப்பாடமாக வைப்போம் என்று, "நாளைக்குத் தண்ணி வரும்போது உங்க வீட்டுக்கு எத்தனை கொடம் பிடிக்கிறாகன்னு எண்ணிக் கோடு போட்டுட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

செய்தது அவ்வளவுதான். அதில் எந்தச் சூழ்ச்சியும் இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அந்த ஊரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். மூன்று தெரு: கோயில் தெரு, பஸ் ஸ்டாப் தெரு, கண்மாய்க்கரைத் தெரு. ஒவ்வொரு தெரு முனையிலும் தரையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு வால்வு. வீரணன் கையில் இருக்கிற நீள இரும்புச் சாவியை விட்டுத் திருகினால் அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வரும். ஒரு தெருவுக்கு நாற்பது நிமிடம். ஆறு வருடமாக அந்தச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. தற்காலிக வேலை. ஒரு புகார் உறுதியானால் போதும், மறுநாளே சாவி வேறு கைக்குப் போய்விடும். அந்தச் சாவி இல்லாத வீரணனை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியாது.

நான் வீட்டுப்பாடம் கொடுத்த அதே திங்கட்கிழமை, ஊராட்சிச் செயலர் ராஜகுரு அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒங்க மேல மனு ஒண்ணு வந்துருக்கு. வெள்ளிக்கெழம யூனியன் ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க வாராக" என்று சொல்லியிருக்கிறார். யார் போட்ட மனு என்று எவ்வளவோ கேட்டும் ராஜகுரு சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் வீரணன் முதல் வால்வைத் திருகிவிட்டு நிமிர்ந்தால், குழாயடியில் என் வகுப்புப் பாலமணிகண்டன் நோட்டும் பென்சிலுமாக நிற்கிறான். அடுத்த தெருவில் சுகப்பிரியா. மூன்றாவது தெருவில் ஸ்ருதி. எல்லாரும் குடத்தைப் பார்ப்பதும் கோடு போடுவதுமாக இருக்கிறார்கள். மனு வந்த மறுநாளே இப்படி நடந்தால் சாதாரண ஆளுக்கே உறுத்தும். வீரணனுக்குக் கேட்கவே வேண்டாம்.

"ஏத்தா, என்ன எழுதுற?"

"கொடத்த எண்ணுறேன் மாமா."

"யாரு எண்ணச் சொன்னா?"

"டீச்சர்."

"டீச்சருக்கு யாரு சொன்னா?"

ஸ்ருதிக்கு வயது எட்டு. டீச்சருக்கும் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. தெரியாது என்று தலையாட்டியிருக்கிறாள். அந்தத் தலையாட்டலில் இருந்து வீரணன் என்னென்னவோ எடுத்துக்கொண்டார்.

அன்று மதியம் பள்ளிக்கூடக் குழாயைச் சரிபார்க்க வந்தார். குழாயில் ஒரு குறையும் இல்லை. நான் வராந்தாவில் நின்று அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். நெசவுக்காரக் குடும்பம். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அவர் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"யாரு டீச்சர் லைன்ல?"

"எங்க அம்மா."

"அம்மாட்டப் பேசுறதுக்கு எதுக்கு வேற பாஷை?"

"அம்மாவோட பாஷையே அதாங்க."

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. நானும் ஒரு மனுஷிதானே, சுள்ளென்று கோபம் வந்தது. "ஏங்க, பிள்ளைக கோடு போடுறதுல ஒங்களுக்கு என்ன பிரச்சனை?" என்று கேட்டேன். "எனக்கென்ன டீச்சர் பிரச்சனை? மடியில கனம் இருக்கிறவன்ல பயப்படணும்" என்று சொல்லிவிட்டு, போகும்போது ஜன்னல் வழியாகக் கரும்பலகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பெரிய சார்ட் அட்டையில் படம் போட்டோம். ஒரு குடம் படம் வரைந்தால் இரண்டு குடம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கைப் பார்த்தால், கோயில் தெருவில் வீட்டுக்குப் பதினான்கு குடம், பஸ் ஸ்டாப் தெருவிலும் பதினான்கு. கண்மாய்க்கரைத் தெருவில் மட்டும் ஆறு. மேலே இரண்டு வரிசையிலும் ஏழு ஏழு குடப் படம், கீழே மூன்றே மூன்று. வரைந்து முடித்ததும் வகுப்பே அந்த மூன்றைப் பார்த்தது.

பாடத்தில் இருக்கிற கேள்வியைத்தான் கேட்டேன். "எந்தத் தெருவுக்குக் குறைவு? ஏன்?"

"அது வீரணன் மாமா தெரு டீச்சர். அங்க எப்பவும் அப்படித்தான்" என்றாள் ஸ்ருதி. அவளும் அந்தத் தெருதான்.

எனக்கும் இப்போது சந்தேகம் தொற்றிக்கொண்டது. இந்த ஆள் சொந்தத் தெருத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுகிறார்? யாருடைய தோட்டத்துக்காவது திருப்பிவிடுகிறாரா? இல்லாவிட்டால் கோடு போட்டதற்கு ஏன் இப்படித் துடிக்க வேண்டும்? ஒரு தடவை எண்ணினால் போதாது, வியாழக்கிழமையும் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவது வீட்டுப்பாடம் பாடத்துக்காகக் கொடுத்தது இல்லை.

இதற்கிடையில் வீரணன் தன் பங்குக்குத் துப்பு துலக்கிக்கொண்டிருந்தார். கோயில் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற சௌந்தரபாண்டியன் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். கடைக்குப் போய், தீப்பெட்டி வாங்குகிற சாக்கில், "என்ன அண்ணாச்சி, மனு கினு எழுதுறதெல்லாம் ஒங்களுக்கு நல்லா வரும்ல?" என்று ஆழம் பார்த்திருக்கிறார்.

"எனக்கு எதுக்குய்யா மனு? எங்க தெருவுல தொட்டி நெறஞ்சு வழியுது. நீ தங்கமான ஆளுல்ல" என்றிருக்கிறார் அவர்.

இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறவன் நிச்சயம் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று வீரணன் முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமைக் கணக்கு வந்தது. மேலே இரண்டு தெருவும் அதே பதினான்கு. கண்மாய்க்கரைத் தெருவில் ஆறு நான்காகக் குறைந்திருந்தது. ஸ்ருதி எழுந்து வந்து ரப்பரால் ஒரு குடத்தை அழித்தாள். அழித்த இடம் அழுக்காகத் தெரிந்தது. "நேத்தெல்லாம் எங்கம்மா தோட்டத்துக் கெணத்துக்குப் போயி எடுத்துட்டு வந்துச்சு டீச்சர். அதையும் கோடு போடலாமா?" என்று கேட்டாள். அந்த ஆளை வெள்ளிக்கிழமை சும்மா விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணையை எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துக்கொண்டார்கள். ஊராட்சி அலுவலகத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். ராஜகுரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று தெரு ஆட்களும் வந்து நின்றார்கள். வீரணன் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டு, இரும்புச் சாவியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

மேடம் கோப்பைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், மனுவ அப்புறமாப் படிங்க. இந்த வாரம் பூராவும் இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு எதிரா ஒரு வேலை நடந்துருக்கு. பச்சப்பிள்ளைகள விட்டு வேவு பாத்துருக்காக. அந்தப் படத்த எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஊருக்கு முன்னால பாத்துருவோம். என் தெருவுக்குன்னு, என் சொந்தக்காரவுகளுக்குன்னு ஒரு கொடம் கூடுதலாப் போயிருந்தாலும் இந்தச் சாவிய இங்கனயே வச்சிட்டுப் போயிருறேன்!"

இதற்காகத்தானே காத்திருந்தேன். பாலமணிகண்டனும் ஸ்ருதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சார்ட்டை விரித்துக் காட்டினார்கள்.

வீரணன் கிட்டே போய் வரிசை வரிசையாக எண்ணினார். ஏழு. ஏழு. இரண்டு. அவர் முகம் இறுகும், பயத்தில் வேர்க்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அந்த மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"பாருங்க மேடம்! எல்லாரும் நல்லாப் பாருங்க! என் தெருதான் ஆகக் கடைசி! சாவிய வாங்குன அன்னைக்கு டீக்கடையில ஒருத்தன் சொன்னான், இனிமே வீரணன் தெருவுல தண்ணி வாய்க்கால்ல ஓடும்னு. அன்னைலேர்ந்து என் தெருவ மட்டும் இருபது நிமிசத்துல அடைச்சிருவேன். நேத்து பிள்ளைக எண்ணுதுகன்னு இன்னும் அஞ்சு நிமிசம் முன்னாடியே அடைச்சேன். ஒருத்தன் என்னைய ஒரு வார்த்தை சொல்லிர முடியுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தண்ணீர் எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. மிச்சமானது அப்படியே ஊர் மேல்நிலைத் தொட்டியில் கிடந்திருக்கிறது. நான் நினைத்ததெல்லாம் தப்பு. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, ஸ்ருதியின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். "மனுவிலயும் அதத்தாங்க எழுதிருக்காங்க" என்றார். "'எங்கள் தெருவுக்கு மட்டும் ஆறு ஆண்டுகளாகப் பாதி நேரமே தண்ணீர் விடப்படுகிறது. கேட்டால் மோட்டார் சூடாகிவிட்டது என்று சொல்லப்படுகிறது.' கண்மாய்க்கரைத் தெரு, இருபத்திரண்டு வீடு, இருபத்திரண்டு கையெழுத்து."

வீரணன் சிரிப்பு மாறாமலே நின்றார். காதில் விழுந்தது மனதில் விழ அவருக்கு நேரம் பிடித்தது. "எங்க தெருவா?" என்றார். "எங்க தெருவுல எவன் போட்ருப்பான்? மொத கையெழுத்து யாரு?"

மேடம் காகிதத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் கையெழுத்து, கோணல்மாணலாக, 'வீ. கங்கம்மாள்'. அவருடைய மனைவி.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மேடம் சுருக்கமாக முடித்தார். சாவி வீரணனிடமே இருக்கட்டும், ஆனால் மூன்று தெருவுக்கும் சரியாக நாற்பது நிமிடம், ஒரு நிமிடம் குறைந்தாலும் சாவி கைமாறும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். வீரணன் எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் போட்டார். எதையும் நான்கு தடவை படிக்காமல் பேனாவைத் தொடாத மனுஷன்.

கூட்டம் கலைந்த பிறகு கங்கம்மாள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் வெறும் குடம். விசாரணை முடிந்ததும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்தார். வீரணன் மெதுவாக அவர் பக்கத்தில் போனார்.

"ஏ கங்கம்மா, ஆபீஸ் வரைக்கும் போகணுமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"ஆறு வருசமாச் சொன்னேன்" என்றார் கங்கம்மாள். குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு தடவையும், உன்னைய யாரு தூண்டிவிட்டான்னுதான கேட்டீக?"

வீரணன் வாயைத் திறந்தார். வராந்தாவில் நின்ற எனக்கே தெரிந்துவிட்டது, அவர் நாக்கு நுனியில் நின்றது அதே கேள்விதான். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, அந்த அம்மாள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, தோட்டத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.