இஸ்திரிப் பெட்டியும் என் சுருட்டை முடியும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் மதுரையே தவித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதினாலு வயது. தல்லாகுளத்தில் ஒரு வாடகை வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் இருந்தோம். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அண்ணன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்தத் தை மாதம்தான் அவனுக்குக் கல்யாணமாகி, மதினி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மேலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் தலைமுடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் அப்பாவைக் கொண்டு சுருட்டை முடி. சும்மா அலை அலையாகப் படிந்திருக்கும் சுருட்டை இல்லை, விரலை விட்டால் வெளியே எடுக்க முடியாத சுருட்டை. அண்ணன் அதைக் கிராப்பு வெட்டி எண்ணெய் தடவி நின்றால், "என்ன அழகான முடி!" என்பார்கள். அதே முடி என் தலையில் இருந்தால் பரட்டை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அப்போதே புரியவில்லை.

தினமும் காலையில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு போர் நடக்கும். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுப்பாள். பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். அதற்கு மேலும் இழுப்பாள். கண்ணில் தண்ணீர் கொட்டும். சீப்பில் பல் போவது வாரத்துக்கு ஒன்று. "இதைக் கட்டி ஆளப்போறவன் எங்க இருக்கானோ" என்று சொல்லிக்கொண்டே விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்து, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னிவிடுவாள். வைகைப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது மறுபடி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் காக்காக்கூடு.

மதினிக்கோ முழங்கால் வரை நேரான முடி. சீப்பை உச்சியில் வைத்தால் தானாகவே வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா மதினியைத் திரும்பி நிற்கச் சொல்லிக் காட்டுவாள். "முடின்னா இப்படில்ல இருக்கணும்." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். அந்த ஒரு காரணத்துக்காகவே மதினியை எனக்குப் பிடிக்கவில்லை. அவளாகவே, "பாப்பா, சாப்பிட வாரியா? பாப்பா, பல்லாங்குழி ஆடுவமா?" என்று கூப்பிடுவாள். நான் காது கேட்காதது போலப் போய்விடுவேன்.

அந்த வருஷம் எங்கள் வகுப்பைப் போட்டோ எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவரை நான் போட்டோவுக்கு நின்றதே கிடையாது. முந்தின நாள் டீச்சர், "நாளைக்கு எல்லாரும் தலையைப் படிய வாரிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் என் பக்கம் பார்த்தார். வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. சொந்தத்தில் ஒரு சாவு என்று துட்டி கேட்கப் போயிருந்தாள். அண்ணன் கோர்ட்டில். மதினி கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பலகை மேல், தேய்ப்பதற்காக அண்ணன் அன்று விட்டுப்போன கறுப்புக் கோட்டு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி. கசங்கின துணி இதில் நேராகிறதே, முடி நேராகாதா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும், அது எவ்வளவு புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அடுப்பிலிருந்து தணலை எடுத்துப் பெட்டியில் போட்டேன். பின்னலை அவிழ்த்து, பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்து, முடியைப் பரப்பி, பெட்டியை நுனியில் வைத்தேன். எண்ணெய் சடசடவென்று பொரிந்தது. எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் நேராகியிருந்தது! அந்த மகிழ்ச்சியில் பெட்டியை இன்னும் மேலே, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்திப் பிடித்தேன்.

புகை எழுந்தது. காது நுனியில் சுரீரென்றது. நான் அலறிக்கொண்டு எழுந்தபோது கை தவறி, பெட்டி கோட்டின் மேல் விழுந்தது. என் கையோடு ஒரு கொத்து முடி வந்துவிட்டது.

மதினி ஈரக் கையோடு ஓடி வந்தாள். முதலில் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். என்னை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், காதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஏன் செய்தாய், என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எரியுதா பாப்பா? இன்னும் எரியுதா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அம்மா வாசலிலேயே நாற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே வந்து பார்த்தால், கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓட்டை. என் தலையில் இடது காதுக்கு மேல் நாலு விரல் அகலத்துக்கு முடி இல்லை. சுற்றி இருந்ததெல்லாம் கருகிச் சுருண்டு கட்டியாகக் கிடந்தது.

"யாருடி செஞ்சது?"

அம்மாவின் கை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் அத்தை" என்றாள் மதினி. "அவுக கோட்டைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். பாப்பா பக்கத்துல படுத்திருந்துச்சு. கை தவறிருச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அன்று பேசிய பேச்சை எல்லாம் எழுத வேண்டாம். கோட்டுக்காக இல்லை. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என் முகமே போயிருக்கும் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. கல்யாணமாகாத பெண்ணின் முகம். அண்ணன் வந்ததும், "இவளோட அய்யாவுக்கு ஒரு கார்டு போடு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். நிதானம் வந்த பெறகு அனுப்பச் சொல்லு" என்றாள். அண்ணன் மதினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவனும் கார்டு எழுதிவிட்டான்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போட்டோவில் நான் இல்லை. கருகிக் கட்டியாகிவிட்ட முடியைச் சீப்பால் ஒன்றும் செய்ய முடியாமல், நாவிதரைக் கூப்பிட்டு ஒட்ட வெட்டிவிடலாம் என்று அம்மா தீர்மானித்திருந்தாள். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம், மதினி என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, சீப்பை எடுத்து வாரத் தொடங்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"இது என் முடி மாதிரி இல்லையே பாப்பா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. எங்க வலிக்குதுன்னு நீ சொல்லு."

இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தோம். காய்ந்திருந்தால் வலித்தது, ஈரமாக இருந்தால் அவ்வளவு வலிக்கவில்லை. சோறு வடித்த கஞ்சியில் தண்ணீர் கலந்து ஊற்றிப் பார்த்தாள், வழுவழுவென்று ஆனது. உச்சியிலிருந்து இழுக்காமல் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தால் சிக்கு விட்டுக்கொடுத்தது. சீப்பை விட விரல்தான் நல்லது என்று தெரிந்தது. கருகின நுனிகளை மட்டும் அரிவாள்மனையில் நறுக்கி எடுத்தாள்; நாவிதருக்கு வேலை இல்லாமல் போனது. ஒரு கற்றையை விடுவித்து நீட்டிப் பிடித்து விட்டபோது, அது துள்ளிக்கொண்டு மேலே போய்ச் சுருண்டது. மதினி சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"பாகக்காக் கொடி கம்பைப் பிடிக்கச் சுருளும்ல, அப்படியே இருக்கு! இம்புட்டு அழகை எதுக்குப் பாப்பா பொசுக்கப் பாத்த?"

அப்போதுதான் நான் கேட்டேன், ஏன் பொய் சொன்னீங்க என்று.

"உனக்குன்னா அடி விழும். எனக்குப் பேச்சுத்தான விழும்" என்றாள். இன்னொரு கற்றையைப் பிரித்துக்கொண்டே, "அய்யா வந்தா நாலு நாள் ஊருல இருந்துட்டு வாரேன். நீ தலையைக் காய விடாத" என்றாள். கல்யாணமாகி மூன்றாவது மாதத்தில் ஒரு பெண்ணை அப்பா வீட்டுக்கு அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று அம்மாவின் பக்கத்தில் போவேன், அடுப்பில் எதையாவது பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அதற்கடுத்த நாள் காலையில் மதினியின் அப்பா வந்தார். ஒரு வாழைத்தாரும் ஒரு மூட்டைக் கத்தரிக்காயும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மெலிந்த மனிதர், காலெல்லாம் புழுதி. அம்மா உள்ளே கூப்பிட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் அம்மாவை விட வயதில் மூத்த அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தாயில்லாம வளந்த புள்ள தாயி. பதனமாச் செய்யத் தெரியல. என் வளப்புத்தான் சரியில்ல. மன்னிச்சுக்கங்க."

அவருக்குப் பின்னால் மதினி துணி மூட்டையோடு நின்றாள். தன் அப்பா தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்பா இல்லாதது போல அவளுக்கு அம்மா இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

"நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "நான்தாம்மா செஞ்சேன்! மதினி பொய் சொன்னாங்க. என் முடியை நானே தேச்சேன்!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "முடியை எதுக்குடி தேச்ச?" என்று அம்மா கேட்டாள், ரொம்ப மெதுவாக. போட்டோ, டீச்சர், காக்காக்கூடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "நீயும்தான சொல்ற, முடின்னா மதினி முடி மாதிரி இருக்கணும்னு" என்றும் சொல்லிவிட்டேன்.

அம்மா அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் மதினியின் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மாடத்திலிருந்த சீப்பை எடுத்து மதினியிடம் கொடுத்து, "நாளையிலருந்து இவ தலையை நீயே பாத்துக்க, ஆத்தா" என்றாள். அந்த வீட்டில் மதினியை அவள் ஆத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றவரிடம், "அண்ணே, உள்ள வாங்க. சாப்புடாமப் போகக் கூடாது" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கூட்டிட்டுப் போக வந்தேன், வெறுங்கையோட போறேன். இம்புட்டு சந்தோஷமா நான் எங்கயும் வெறுங்கையோட போனதில்ல தாயி" என்றார்.

அன்று சாயங்காலம் மதினி எனக்குத் தலை அலசி உலர்த்திக்கொண்டிருந்தபோது, அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சீப்பில்லாமல், கையை மட்டும் என் முடிக்குள் விட்டாள். "உங்க அப்பா தலையில கை வச்சாலும் இப்படித்தான் விரலைப் பிடிச்சுக்கும்" என்றாள். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. தினமும் காலையில் அப்பாவை ஞாபகப்படுத்திய அந்த முடியோடு அவள் ஏன் அவ்வளவு சண்டை போட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

அண்ணன் அந்தக் கோட்டை ஒட்டுப் போட்டுத்தான் இரண்டு வருஷம் போட்டுக்கொண்டான். எனக்குக் கல்யாணமாகும் வரை மதினிதான் என் தலையைப் பார்த்துக்கொண்டாள். எரிந்த இடத்தில் புது முடி வந்து, எது பழையது எது புதியது என்று தெரியாமல் சுருண்டுவிட்டது.

ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாட்கள் எனக்கு மறையவில்லை. இன்றைக்கும் யாராவது ஒரு தப்புக்காகத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால், இவர் யாருடைய தப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறாரோ என்று ஒரு நிமிஷம் யோசிக்காமல் என்னால் ஒரு வார்த்தையும் சொல்ல முடிவதில்லை.