இரண்டாவது பெயர்

என் அக்கா தையல்காரி. மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் கடை. பள்ளிச் சீருடையும் நர்சுகளின் கோட்டும் தைப்பாள். "போன தடவைக்கு இப்ப ரெண்டு இன்ச் கூடியிருக்கு, நான் என்ன டேப்புக்கு லஞ்சமா குடுக்க முடியும்?" என்று வாடிக்கையாளரிடமே வாயடிப்பாள். என்னை அவள் கூப்பிடுவது "கணக்கு" என்று. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளிவிவரம் பார்ப்பவன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபம் அக்காவை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் டாக்டரம்மா மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் ஏழு வருடமாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டியை எடுக்கும்போது அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் மொத்தமாக வழித்தெடுப்பது வழக்கம். அதனால் சிலருக்குக் கை வீங்கும், காலம் பூராவும் வற்றாது. நோய் ஆரம்ப நிலையில் இருந்து, ஒன்றிரண்டு முடிச்சில் மட்டும் பரவியவர்களுக்கும் அப்படி எடுத்தே தீர வேண்டுமா? எண்ணூறு பெண்களை இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தோம். எடுக்காமல் விட்டவர்களும் அதே அளவுக்கு நன்றாகத்தான் இருந்தார்கள். கணக்கை முடித்து நான் சொன்னபோது டாக்டரம்மா அழுதேவிட்டார்.

கட்டுரையில் என் பெயர் ஆறாவதாக இருந்தது. எனக்கு முன்னால், வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒரு சின்ன டாக்டரின் பெயர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் கட்டுரை மருத்துவ இதழுக்குப் போகும். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஆறாவதா இருந்தா என்னப்பா குறைஞ்சிடும்? நோயாளிங்க காத்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா.

"கணக்கு போட்டது நான் மேடம். ரெண்டாவது பேரு வேணும்."

கமிட்டி, கடிதம், சமாதானம், மறுபடி கடிதம். பதினோரு மாதம் இழுத்தது. கடைசியில் என் வீம்புதான் ஜெயித்தது.

அக்காவுக்கு அதே நோய் வந்தது அந்தப் பதினோரு மாதத்துக்குள். அவள் இருந்தது வேறு ஊரில். என்னிடம் மூச்சுகூட விடவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகுதான் மாமா போன் செய்தார். விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

"ஏன்க்கா மறைச்சே?"

"நீ ஏதோ பெரிய வேலையில இருக்கே. நடுவுல என் புராணம் எதுக்குடா?" என்று சிரித்தாள்.

நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த பெரிய வேலை, உர்ரென்று இருப்பது. அக்காவுக்கு அக்குள் முழுவதும் வழித்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகாவது திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேனா? இல்லை. இன்னும் இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றேன். அக்காவுக்குத்தான் ஆகிவிட்டதே, இனி என்ன அவசரம் என்று நினைத்தேனோ என்னவோ. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கட்டுரை வெளியாகிச் சில மாதம் கழித்து அக்கா கடைக்குப் போனேன். வலது கை தோள்வரை வீங்கி, இறுக்கமான உறை மாட்டியிருந்தாள். கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. வெட்டவும் தைக்கவும் வேறு ஆள் வருகிறார், இவள் அளவு சொல்வதோடு சரி. அளவுச் சீட்டு குத்தும் பலகையில் எங்கள் கட்டுரையின் முதல் பக்கத்தைக் குத்தி வைத்திருந்தாள்.

"ஆபரேஷன் பண்ண டாக்டர் குடுத்தாரு. 'இது அப்பவே வந்திருந்தா உங்க அக்குள்ல கையே வெச்சிருக்க மாட்டேன்மா'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. அந்த ரெண்டாவது பேரு என் தம்பின்னு சொன்னேன் பாரு, மனுஷன் ஆடிப்போயிட்டாரு!"

முகம் பூராவும் பெருமை. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை.

"அக்கா, உன் ஆபரேஷனுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே கணக்கு முடிஞ்சிடுச்சு."

"அப்புறம் என்னடா பண்ணிட்டிருந்தீங்க?"

"என் பேரை எங்க போடறதுன்னு சண்டை. நான்தான் கையெழுத்துப் போடாம நிறுத்தி வெச்சேன்."

திட்டுவாள் என்று நின்றேன். நாலு அறை விட்டிருந்தாலும் தேவலை. அவள் வீங்கிய கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என்னை மாதிரி எத்தனை பேருடா?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும்க்கா."

"அவங்களுக்கெல்லாம் யாரு போய்ச் சொல்லுவா?"

பலகைக்குப் போய் அந்தத் தாளைப் பிய்க்கப் பார்த்தேன்.

"தொடாதே. அதுல எழுதினது நெசம்தானே? வர்ற பொம்பளைங்க படிக்கட்டும்."

மேஜையில் கிடந்த ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். பெயர்கள் இருந்த வரியின் மேல் அதை வைத்து, இடது கையால் குண்டூசி குத்தினாள். இரண்டு முறை ஊசி கீழே விழுந்தது. துணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

"நீ உட்காரு" என்றாள்.