அக்காவின் போனில் அவள் குரல்

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கூடத்திலிருந்து தன் குரலே கேட்டது.

"உங்கள் நம்பிக்கையே எங்கள் மூலதனம். தயவுசெய்து இணைப்பில் காத்திருங்கள்."

கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்பவள் அவள். அங்கே அவளுக்கு 'தாலாட்டு' என்று பட்டப்பெயர். ஹேக்கர்கள் புகுந்து வாடிக்கையாளர்களின் பணத்தில் பெரும்பகுதியைச் சுருட்டிக்கொண்டு போனபின், கொதித்துப்போனவர்களைத் தணிக்க மேனேஜர் அவள் குரலைத்தான் பதிவு செய்தார். "நீ பேசினா அழுற பிள்ளையும் தூங்கிடும்மா" என்றார்.

அப்படித் தூங்கியவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா. அம்மா போனபின் தலை வாரிவிட்டு, படிக்கவைத்து, அவளை ஆளாக்கியவள். தங்கை வேலை செய்யும் இடம் என்பதற்காகவே சேமிப்பு முழுவதையும் அங்கே போட்டவள்.

டீயோடு கூடத்துக்கு வந்தாள். அக்காவின் மடியில் போன் பேசிக்கொண்டே இருந்தது.

"ஆளே எதிர்ல நிக்கிறேனேக்கா. அதை அணைச்சிடு."

"இருக்கட்டும்டி. இவளாவது தயவுசெய்துன்னு சொல்றா. நீ போனே எடுக்கல." அக்கா சிரிக்கவில்லை. "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்தா பாதிதானாம். விட்டு வச்சா முழுசும் வருமாம். நான் என்ன பண்ணட்டும்?"

முழுவதும் வரும் என்பது மேனேஜர் எழுதிக் கொடுத்து அவள் வாசித்த வரி. அதை வாசிக்கவைத்த கையோடு அவர் தன் பணத்தை எடுத்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். வெளியே சொன்னால் வேலை போகும். போகட்டும்.

"எடுத்துடுக்கா. பாதியாவது மிஞ்சும். மேனேஜரே எடுத்துட்டார்."

அக்கா அவளையே பார்த்தாள். "ஹேக் ஆன அன்னிக்கு என்னடி சொன்ன?"

"ஒண்ணும் ஆகாதுன்னு. அப்ப எனக்கும் தெரியாதுக்கா."

"அன்னிக்கும் இதே குரல்தான். நான் பாதியோட போயிட்டா மீதி யாருக்கு? உன் கம்பெனிக்குத்தானே? இதுக்குச் சம்பளம் தனியா?"

"உன் மேல சத்தியமா..."

"என் மேல பண்ணாத. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

"முழுத் தொகைக்காகக் காத்திருக்க விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும்" என்றது போன்.

தங்கை கையைப் பிடிப்பதற்குள் அக்கா அழுத்திவிட்டாள்.

"நன்றி. உங்கள் நம்பிக்கையைக் காப்போம்." பெற்ற தாயைவிட இதமாகச் சொன்னது அந்தக் குரல்.

டீயைத் தொடாமல் அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டினாள். எப்போதும் "வர்றேன்டி" என்பவள், இன்று "போறேன்" என்றாள். கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.