வெட்டிவிட்ட பதினெட்டுக் கட்டங்கள்

முப்பது ஆண்டுகளாக யாரும் வாசிக்காத பியானோ இசையைத்தான் வாசித்து வருகிறேன். பெரும்பேர் வாங்கியவர்களை வாசிக்க உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் தேவையில்லை. ஒரே ஒருமுறை அச்சாகி, ஏதோ நூலகத்தின் கீழ்த்தட்டில் கிடந்து, யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டதால் மட்டும் பிழைத்திருக்கும் தாள்களே எனக்கு வேண்டியவை. காஞ்சிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் பியானோ நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு தறிகள் ஓடுகின்றன. தறிக்காரருக்கு என்மேல் ஒரே ஒரு குறை உண்டு.

"சார், இத்தினி வருசமா வாசிக்கிறீங்க. எனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணாவது வரக்கூடாதா?"

"எனக்கே போன வாரம்தாங்க தெரியும்" என்பேன்.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அப்பா நெய்தார். பியானோ, சென்னையில் படித்தபோது பிடித்துக்கொண்டது. கைவிடப்பட்ட இசை என்றால் மட்டமான இசையாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. எழுதியவர் சின்ன ஊரில் இருந்திருப்பார். எடுத்துச் சொல்ல மாணவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். பெண்ணாக இருந்து, முதலெழுத்தை மட்டும் போட்டு அச்சிட்டிருப்பார். மட்டமானவையும் உண்டு, அவற்றை மூடி வைத்துவிடுவேன். பத்தில் இரண்டு மூன்று தேறும். அவற்றைக் கண்டுபிடிப்பதில் என் காதை நம்புகிறேன், இன்றைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கைக்கு அடங்காத இடம் ஒன்று வரும். பின்னால் வருகிறவர்கள் அதை வெட்டிவிட்டு வாசிப்பார்கள். அதன்பிறகு அந்தப் படைப்பில் ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்வார்கள். மேடைகளில் நான் இதைப் பலமுறை பேசியிருக்கிறேன். "கஷ்டமான இடத்தை வெட்டாதீர்கள். எழுதிய ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்" என்பேன். கைதட்டுவார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு பழைய தோழி, எங்கள் அடுத்த தெருக்காரி. அவர்கள் வீட்டிலும் தறிதான். சென்னையில் ஒரே ஆசிரியையிடம் பியானோ கற்றோம். சனிக்கிழமைகளில் ஒரே பேருந்தில் ஊர் திரும்புவோம். அவள் என்னைவிட நன்றாக வாசிப்பாள். பிறகு ஊரிலேயே பள்ளியில் பாட்டு டீச்சரானாள். தனிப் பியானோவுக்கென்று அவள் ஒரு படைப்பு எழுதி வைத்திருந்தாள். பன்னிரண்டு நிமிடம் வரும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

"வாசிச்சிப் பாரு. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லு. சும்மா தலையாட்டாத" என்றாள்.

மூன்று நாள் வாசித்ததில் தெரிந்துவிட்டது, நான் தேடி எடுத்த பலவற்றைவிட இது மேலானது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் முதல் தப்பு அது.

முதல் பகுதி நிதானமாக நடக்கும். கடைசிப் பகுதி வேறு சுருதியில் பளபளவென்று ஓடும். இடையில், இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிப்பார்களே, அந்தக் கட்டங்கள் பதினெட்டு. அங்கே பழைய மெட்டும் புது மெட்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வலது கையிலேயே வரும். பழையது ஒவ்வொரு சுரமாகக் குறைந்து கடைசியில் இல்லாமல் போகும்.

மறு வருடம் சென்னையில், அரிதான படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கச்சேரி நடத்தினேன். அவளுடையதைக் கடைசியில் வைத்தேன். அச்சிட்ட தாளில் அவள் பெயரைப் போடவில்லை. 'இயற்றியவர் தெரியவில்லை' என்று போட்டேன். ஊர்க்காரியின் சரக்கைக் கொண்டுவந்து விற்கிறான் என்று சொல்வார்களோ என்று பயம். அநாமதேயக் கையெழுத்துப் பிரதி என்றால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மேடையில் கதையும் சொன்னேன்: பழைய பேப்பர் கடையில் கிடைத்ததாம். அந்தப் பதினெட்டுக் கட்டங்களை விட்டுவிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, நேரே கடைசிப் பகுதிக்குத் தாவினேன். நல்ல கைதட்டல். ஒலிப்பதிவு இணையத்தில் ஏறியது.

கண் அறுவை செய்துகொண்டிருந்ததால் அவள் வரவில்லை. பிறகு பார்த்தபோது, "நேரம் போதல, உன்னோடத வாசிக்க முடியல" என்றேன். "சரிபா" என்றாள். நாலு வருடம் அவ்வளவுதான். கடைத்தெருவில் பார்த்தால் என் சர்க்கரை அளவைக் கேட்பாள்.

இந்த வருடம் ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் என் தேடல்களைத் தொகுத்து வெளியிட முன்வந்தது. அந்த அநாமதேயப் படைப்புதான் முதலில் வர வேண்டும் என்றார்கள். இயற்றியவர் யாரென்று தெரியாது என நான் கையெழுத்திட ஒரு தாள் அனுப்பினார்கள். மேடையில் வாயால் சொன்ன பொய்யை என்னால் பேனாவால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் தன் படைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஐம்பது வருட நட்பும் அதோடு போகலாம். மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாபா, அதிசயமா இருக்குது. பியானோ ரிப்பேரா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்பா" என்றாள்.

"எப்போ?"

"கண்ணு கட்டு அவுத்த மறுநாளே. டாக்டரு போன் பாக்காதன்னாரு. நான் பாக்கல, காதால கேட்டேன்." ஒரு தோலை எறிந்தாள். "பழைய பேப்பர் கடையில கெடச்சேனாமே நானு. கிலோ கணக்குல எடுத்தியா?"

"ஏன்மா கேக்கல?"

"நீயா வருவன்னு பாத்துக்கினு இருந்தேன். பேர வுட்டுட்ட, அது ஒரு பக்கம். அந்த எடத்த எதுக்கு வெட்டின?"

"இழுவையா இருந்துச்சு" என்றேன்.

எழுந்து உள்ளே போனாள். பீரோவிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து வந்து, மடியில் புரட்டிப் போட்டு, உடலும் முந்தியும் சேருகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா?"

"பிட்னி."

உடலின் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள், முடிகிற இடத்தில், முந்திக்கான வேறு நிறப் பாவை இழை இழையாகக் கையால் பிணைப்பார்கள். கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் சேர்ந்தே ஓடும். பிறகு பழைய இழைகளை அறுத்துவிடுவார்கள். அந்த இடம் சற்றுத் தடிப்பாக இருக்கும். புடவையைக் கையில் வாங்கினால் அப்பா முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

"இத வெட்டிட்டு, ஊசி நூலால ஒட்டுப் போட்டுக் குடுத்தா உங்கப்பா இன்னா பண்ணுவாரு?"

"தூக்கி மூஞ்சில அடிப்பார்."

"நெசவுக்காரன் வூட்ல பொறந்தவனுக்கு அது காதுல வுழலியே!"

உண்மைதான். எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதியதில் அவன் ஊர் நடனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மணிக்கணக்கில் ஆராய்ந்தவன் நான். இவள் தாளில் எங்கள் தெரு இருக்கும் என்று ஒரு நிமிடம் கூடத் தேடவில்லை. ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. இவ்வளவு தூரம் வந்தபின் மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"இழுவைன்னு வெட்டலமா. வாசிக்க வரல. நாலாவது விரலும் அஞ்சாவதும் கேக்க மாட்டேங்குது. ஒரு மாசம் பாத்தேன். அப்புறம் அந்த எடம் சரியில்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அட லூசு, அன்னிக்கே சொல்லியிருந்தா விரல மாத்திப் போட்டுக் குடுத்திருப்பேனே! அது என் கைக்கு எழுதினது."

ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதில் நாலு வருடம்.

அவள் மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். அப்படி அவள் சொல்லவில்லை. நிபந்தனைகள் சொன்னாள். "கம்பெனிக்கு என் பேர எழுது. அந்த எடம் இல்லாம என் பேர் வரக்கூடாது. மேடையில சொன்ன இல்ல, மேடையிலயே மாத்திச் சொல்லு."

நிறுவனத்துக்கு அன்றே எழுதினேன். காத்திருக்கிறோம் என்றார்கள். பழைய பதிவை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். அதே அரங்கில் ஒரு தேதியும் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதலில் பேசிவிட்டுத்தான் வாசிப்பேன்.

நோட்டில் இப்போது அவள் பென்சிலால் போட்ட விரல் எண்கள் இருக்கின்றன. பழைய மெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் தள்ளிவிட்டிருக்கிறாள். காலையில் இரண்டு மணி நேரம் அந்தப் பதினெட்டுக் கட்டங்கள் மட்டுமே வாசிக்கிறேன். வியாழக்கிழமைகளில் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். நான் தடுக்கினால், "இழை அறுந்துச்சுபா, முடி போடு" என்பாள். பின்னால் போய் மறுபடி தொடங்குவேன். எழுபத்து நாலு வயதில் விரல் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. வரும். எனக்குச் சந்தேகமில்லை.

நேற்று பக்கத்து வீட்டுத் தறிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சார், எனக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு வந்துடுச்சி. ஆனா ஒரே எடத்துல நின்னுடுதே?"

பதினாலாவது கட்டம். இன்னும் நாலு இருக்கிறது.