மேனேஜரின் சாப்பாட்டில் உண்ணி

மருந்துக் கிடங்கில் இருபது வருடமாக ஸ்டோர் கீப்பர் என்பதால் தெருவில் அவளுக்கு மாத்திரைக்காரம்மா என்று பெயர். ஈரம், தூசி, காலாவதி மூன்றும் அவளுக்குப் பரம விரோதிகள். அலமாரியில் ஒரு பெட்டி கோணலாக இருந்தால் போதும், கிடங்கில் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது. அப்படிப்பட்டவளின் படுக்கையறையில் நாலு பிளாஸ்டிக் டப்பா நிறையப் புழு நெளிந்தது என்றால் நம்பக் கஷ்டம்தான். எல்லாம் மேனேஜருக்காக.

மேனேஜர் ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற ரகமில்லை. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட, கண்ணாடித் தொட்டியில் வாழ்கிற வளர்ப்புப் பல்லி. நாள் முழுக்கச் சூடான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எதிரில் வருகிறவர்களை முறைப்பதால் அந்தப் பதவி. கடையில் வாங்கிய புழுவைத் தின்று ஒருமுறை ஒரு மாதம் படுத்துவிட்டது. சொட்டு மருந்தை வைத்துக்கொண்டு அதன் வாயோடு மல்லுக்கட்டி அவள்தான் பிழைக்கவைத்தாள். அதற்குப் பிறகு வெளிச்சாப்பாடு கிடையாது. கோதுமைத் தவிட்டில் மாவுப்புழுவை வீட்டிலேயே வளர்த்தாள்.

கீழே நாத்தனார் குடியிருந்தாள். வீடு அவள் பெயரில் இருந்ததால் அவள் பேச்சுக்கு எடை அதிகம்.

"டப்பாக்குள்ள அதுங்க என்ன கூத்து வேணா அடிக்கட்டும் அண்ணி. ஒண்ணே ஒண்ணு வெளியில வந்துச்சு, பல்லியையும் சேத்து மூட்டை கட்டிருவேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, டப்பா விளிம்பில் பழுப்பாகத் தூசி படிந்திருந்தது. துடைத்தாள். சாயங்காலம் மறுபடியும் தூசி. அவள் வீட்டிலா? பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தூசி நடந்துகொண்டிருந்தது, அதுவும் எட்டுக் காலில். நசுக்கினால் புதினா வாசனை வேறு, என்னவோ விருந்துக்கு வந்த மாதிரி. தவிட்டில் வருகிற பொடி உண்ணி. மனுஷனை ஒன்றும் செய்யாது. ஆனால் ஈரம் கிடைத்தால் கோடிக்கணக்கில் பெருகி, புழுவையும் அது வளர்ந்து ஆகிற வண்டையும் மூச்சுத் திணற அப்பிக்கொள்ளும். மேனேஜர் ஒரு புழுவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

போர் தொடங்கியது. வண்டுகளைப் பெயின்ட் பிரஷால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வேறு டப்பாவுக்கு மாற்றினாள். டப்பாக்களைக் கொதிநீரில் கழுவினாள். புதுத் தவிட்டை நாலு நாள் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு வாணலியில் காயவைத்தாள். மூலைக்கு மூலை, மாத்திரை டப்பாவில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலம். விளிம்பெல்லாம் வாஸ்லின். புழுக்களுக்குத் தண்ணீருக்கென்று போடுகிற காரட் துண்டையும் நிறுத்தினாள். இத்தனைக்கும் பிறகு, பத்தாம் நாள் உண்ணிகள் வாஸ்லினில் வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தன. அதற்குள் ஐஸ் எடுக்க வந்த நாத்தனார் ஃப்ரீசரில் தவிட்டு மூட்டையைப் பார்த்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அப்புறம் நான் பொல்லாதவளாயிருவேன்."

ஏற்கெனவே பொல்லாதவள்தான் என்பதை அண்ணி சொல்லவில்லை.

ஞாயிறு காலை, கடைசி முயற்சியாக ஒரு டப்பாவைச் சல்லடையில் கவிழ்த்தாள். தவிடு கீழே இறங்கியது. சல்லடையில் புழுக்களோடு ஒரு பச்சைத் துண்டு தங்கியது. அவித்த பீன்ஸ். அதன்மேல் மிளகுத்தூள். அடுத்த டப்பாவில் அவித்த காரட், பாதி பீட்ரூட். அதிலும் மிளகு. புழுவுக்கு மிளகு தூவும் பழக்கம் அவளுக்கு இல்லை. புருஷனுக்கு உண்டு.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மூன்று மாதத்துக்கு முன்னால் சர்க்கரை ஏறியதிலிருந்து மதியத்துக்கு அவளே காயை எடைபோட்டு, உப்பில்லாமல் அவித்து, மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். ஆறு கிலோ குறைந்திருந்தார். கிடங்கில் அதை அவள் பெருமையடித்துச் சொல்லாத ஆளில்லை.

"ஏங்க, இங்க வாங்க."

வந்தார். சல்லடையைப் பார்த்தார். ஓடிவிடலாமா என்பதுபோல் கதவையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அதுங்களுக்கு நீ காயே போடலியேன்னு பாவமா..."

"அதுக்கு முன்னாடியே உண்ணி வந்தாச்சு."

தலையைச் சொறிந்தார். "தொண்டையில எறங்கலம்மா. உன்கிட்ட சொன்னா டாக்டர் சீட்டைத் தூக்கிட்டு வருவ. இதுங்க ஒரு வார்த்தை பேசாம தின்னுச்சுங்க."

"அப்ப நீங்க மத்தியானம் என்னதான் சாப்பிட்டீங்க?"

"டீ."

"மாத்திரை?"

"அதை நீ எண்ணி வெச்சிட்டுப் போறியே, போடாம விடுவேனா? சில நாள் தலை சுத்தும். வண்டிய ஓரங்கட்டிட்டுக் கொஞ்ச நேரம் கண்ண மூடிப்பேன்."

வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை, கையில் ஸ்டீயரிங், பின்னால் இருபது பிள்ளைகள். எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று ஊருக்கே சொல்கிறவள் அவள். நாலு டப்பாவின் ஈரத்தை விரல்நுனியில் வைத்திருந்தவள், இந்த மனுஷன் சாப்பிட்டாரா என்று ஒருநாள் எட்டிப் பார்க்கவில்லை. சல்லடையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது.

கோணிப்பையோடு நாத்தனார் படியேறி வந்தாள்.

"போச்சா அண்ணி?"

"போகல. தப்பு என்னோடது. உன் அண்ணனைப் பட்டினி போட்டுட்டேன்."

நாத்தனார் தவிட்டைப் பார்த்தாள், மிளகு பூசிய பீன்ஸைப் பார்த்தாள், அண்ணனின் தொளதொளத்த பேன்ட்டைப் பார்த்தாள். 'தப்பு என்னோடது' என்கிற வார்த்தை அண்ணி வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. கோணிப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

"பல்லி இன்னும் பதினஞ்சு நாள் இருந்துட்டுப் போகட்டும். அண்ணனை மொதல்ல பாருங்க."

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று மாத்திரைக்காரம்மா புருஷனைக் கேட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் அப்படிக் கேட்டதோடு சரி.

"முட்டை" என்றார், பயந்துகொண்டே. "பொரிச்சது. உப்புப் போட்டு."

பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூன்றாவது முட்டையை வழித்துத் தின்று முடிக்கிறவரை எதிரிலிருந்து எழுந்திருக்கவில்லை.