தழை காயாத பரண்

இராக்கம்மாவின் கைகள் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சவர்க்காரத் துண்டையும் சுண்ணாம்பையும் புகையிலைத் தண்ணீரில் குழைத்த கலவையை, விரலிடுக்கு ஒன்றைக்கூட விடாமல், சுவருக்கு வெள்ளையடிப்பவள் போலப் பூசினாள். அட்டைக்கு அந்த மணம் ஆகாது. பூசி முடித்ததும் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கத்தியைச் செருகிக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினாள். பகல் முழுக்கக் கொழுந்துக் கூடை தொங்கிய தோளில் வலி இன்னும் இருந்தது. நான்கு நாளைக்கு ஒரு தடவை, கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு, இந்தப் பயணம் அவளுக்கு உண்டு.

தேயிலை முடிகிற இடத்தில் ஒரு தண்ணீர்க் கானும் எல்லைக் கல்லும் இருக்கின்றன. கல்லுக்கு அப்பால் இருப்பது கவர்மெந்துக் காடு. துரைக்கோ பெரிய கங்காணிக்கோ அதில் பாத்தியதை கிடையாது. கொஞ்ச தூரம் மானாப்புல் வெளி, அங்கங்கே நெல்லி மரங்கள், பிறகு மரங்கள் நெருங்கி நிற்கும் ஒரு மலை மடிப்பு. அந்த மடிப்பில் மரைமான்கள் வந்து நக்குகிற உவர்மண் பள்ளம் ஒன்று உண்டு. காற்று வீசும் திசை பார்த்து, பள்ளத்தின் ஓரத்து நாவல் மரத்துக் கவட்டில், மூன்று ஆள் உயரத்தில், அவள் புருஷன் மாடசாமி ஒரு பரண் கட்டியிருந்தான். இராக்கம்மா வழியில் ஒரு கொப்பை முறித்துக்கொள்வாள். நாவல் மரத்திலேயே முறித்தால் காற்றில் ஒடிந்து விழுந்ததென்று நினைத்துவிடுவார்கள் என்பதால் வேறு மரத்தில்தான் முறிப்பாள். ஏணியடியில் தொங்கும் பழைய தழையை எடுத்தெறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுவாள். வந்த வேலை அவ்வளவுதான்.

நமுனுகுலைச் சரிவில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, தோட்டத்து ஆளானாலும் லுணுகலைக் கடைக்காரரானாலும் சிங்களக் கிராமத்து ஆளானாலும், யாரும் எழுதி வைக்காத ஒரு முறை இருக்கிறது. காடு எல்லாருக்கும் பொது; கட்டு மட்டும் கட்டியவனுக்கு. ஏணியில் பச்சைத் தழை தொங்கினால் பரணுக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேறு யாரும் வேட்டைத் துவக்கோடு அதில் உட்காரக் கூடாது, கூப்பிடு தூரத்துக்குள் இன்னொரு பரண் கட்டவும் கூடாது. தழை காய்ந்துவிட்டால் முதலில் வருகிறவன் உட்காரலாம். விழுந்த மிருகத்தில் ஒரு முன்கால் சப்பை கட்டியவன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இனி வருவதில்லை என்று தீர்மானித்தவன் பரணை நிற்கவிட்டுப் போகக் கூடாது. தன் கையாலேயே அவிழ்த்து, கம்புகளை மரத்தடியில் அடுக்கிவிட்டுப் போக வேண்டும். அவிழ்க்காமல் விட்டுப்போன பரணைப் பற்றிப் பேச்செடுத்தால் இராக்கம்மா இப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: “கொலகாரப் பய வேல.”

அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. மாடசாமி தோட்டத்துக் காவல்காரன். பன்றி விரட்டத் தோட்டம் கொடுத்த கேப்புத் துவக்கை ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கும் கொண்டுபோக ஆபீசில் அனுமதி வாங்கியிருந்தான். ஐப்பசியில் ஒரு நாள், தன் பரணுக்குப் போகும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ விட்டுப்போன பழைய பரண் ஒன்று நிற்க, அதில் ஏறி ஒதுங்கப் பார்த்தான். நான்காவது படி கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, பதுளை ஆஸ்பத்திரியில் காலில் மணல்மூட்டை கட்டி ஏழு வாரம் கிடந்துவிட்டு, மார்கழியில் லயத்துக்கு வந்தான்.

எலும்பு சேர்ந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சர் அழுத்திப் பார்த்து, காலை மடக்கி நீட்டி, இனி எழுந்திருக்கலாம் என்றார். மாடசாமி எழுந்திருக்கவில்லை. தை முடிந்தும் எழுந்திருக்கவில்லை. டிஸ்பென்சர் இராக்கம்மாவை வாசலுக்கு அழைத்து, சித்திரைக்குள் கால் ஊன்றாவிட்டால் சதை வற்றிப்போகும், அப்புறம் அவன் ஊன்ற நினைத்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, மத்தியானம் ஓடி வந்து ஒரு தடவை, மாலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் போடுவாள். குதிகாலுக்கடியில் பழந்துணி வளையம் வைப்பாள். முதுகை வெளிச்சத்தில் திருப்பி, ஒரு சிவப்புப் புள்ளி விடாமல் தேடுவாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராப் பெண்கள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. “பாவம் பாத்தா முதுகு புண்ணாயிரும். போய் ஒங்க வேலயப் பாருங்க” என்று விரட்டிவிடுவாள். நான்கு மாதத்தில் அவன் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. டிஸ்பென்சரே மற்றவர்களிடம் சொல்லிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அவன் முகம் சுவரைப் பார்த்தே கிடந்தது. அது திரும்புவது ஒரே நேரத்தில்தான். அவள் காட்டிலிருந்து வந்து ஈரப் படங்கை அவிழ்க்கும்போது, முழங்கையை ஊன்றி எழும்பி, சுவரில் சாய்ந்துகொள்வான்.

“கொம்பன் மரை வந்துச்சா?”

“வந்துருக்கு. தடம் நாலு வெரக்கட அகலம்.”

“கட்டெல்லாம் பாத்தியா?”

“பாத்தேன்.”

அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவான். சித்திரையில் போய் உட்காருவதைப் பற்றிப் பேசுவான். எந்த மருந்தும் எழுப்பாத மனுஷனை அந்தப் பரண் அரையடி எழுப்பியது. அதனால்தான் தழை காயாமல் பார்த்துக்கொண்டாள்.

முதல் மாதம் தழையைக் கட்டியதும் திரும்பிவிடுவாள். ஒரு நாள் தூறலுக்காக ஏணியில் ஏறினாள். பிறகு தூறாத நாட்களிலும் ஏறினாள். பள்ளத்தாக்கிலிருந்து பனி மெல்ல எழுந்து வந்து நாவல் மரத்தைச் சுற்றிக்கொள்ளும். லயம் மறைந்துவிடும், தேயிலை ஸ்டோருப் புகைபோக்கி மறைந்துவிடும், ஆபீசு மணி எந்தத் திசையில் அடிக்கிறது என்றுகூடத் தெரியாது. பரண் கட்டறுந்து எங்கேயோ மிதந்து போவதுபோல இருக்கும். அவளுடைய கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். கொழுந்து கிள்ளாமல், துணி கசக்காமல், யாரையும் புரட்டாமல் அவை கிடப்பதைப் பார்த்தால் வேறு யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன கைகள் போலத் தோன்றும். பனிக்குள் முதலில் ஒரு மூச்சு கேட்கும். பிறகு ஈரமான காது ஒன்று தெரியும். அதற்கும் பிறகு, வெள்ளைக்குள்ளிருந்து யாரோ வரைந்துகொண்டே வருவதுபோல, முழு மரை நிற்கும். குட்டியோடு வருகிற ஒரு பெண் மரை மண்ணை நக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். இதையெல்லாம் அவள் புருஷனிடம் சொன்னதில்லை. அவனுக்குத் தடங்களின் அளவு போதும்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், புதுத் தழையோடு அவள் போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் ஹுமைத் நின்றுகொண்டிருந்தார். லுணுகலையில் சில்லறைக் கடை வைத்திருப்பவர், லைசென்ஸ் துவக்குக்காரர், தோட்டத்தில் எல்லாருக்கும் அண்ணன் முறையில் ‘நானா’. வேறொருவர் பரணடியில் துவக்கோடு நிற்பது மரியாதையில்லை என்று அதைத் தள்ளியிருந்த ஒரு நெல்லி மரத்தில் சாத்தி வைத்திருந்தார். ஏணி விஷயத்தில் அவர் மகா கறார் என்பது காட்டுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். சுட்டு விழுந்த மரைக்கு உயிர் போகுமுன் இறங்கி ஓடிப்போய் அறுத்தால்தான் அவர் வீட்டில் அது கறி. படி ஆடினால் வேட்டையே வீண்.

“அக்கா, நான் எடம் பறிக்க வரல்ல” என்றுதான் தொடங்கினார். நான்கு மாதமாக இந்த வழியே போகும்போதெல்லாம் தழையைப் பார்த்துவிட்டு வேறு பள்ளம் தேடிப் போனதைச் சொன்னார். மாடசாமி எப்படியிருக்கிறான் என்று விசாரித்தார். பிறகு வியாழக்கிழமை மழையைப் பற்றிச் சொன்னார். அன்று விறகு பொறுக்க வந்த பெண்கள் இரண்டு பேர் இந்தப் பரணில் ஏறி ஒதுங்கியிருந்தார்களாம். கீழே நின்று அவர்தான் சத்தம் போட்டு இறக்கினாராம்.

“ஏன் ஏறினீங்கன்டு கேட்டா, ‘தழ பச்சையா ஈக்கிதே நானா’ன்டு சொல்றாங்க. தழ பச்சையா ஈந்தா கட்டும் பச்சைன்டு தானே அக்கா எல்லாரும் நெனைப்பாங்க?”

ஏணியின் மூன்றாவது படியைக் கட்டியிருந்த கொடியில் இரண்டு விரலை வைத்து இலேசாக இழுத்தார். காட்டுக்கொடி மூக்குப்பொடி போல உதிர்ந்தது. அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பார்த்தாள். பரண் தட்டின் அடியில், அவள் வழக்கமாகக் கால் வைத்து ஏறுகிற பக்கம், தேங்காய்த் தும்புக் கயிறு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது; கொடிகள் எல்லாம் கறுத்து வாய் பிளந்து தொங்கின. ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் முழுசாக அதன்மேல் விழுந்திருந்தன. படுத்துக் கிடப்பவனின் முதுகைத் தினமும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் இதன் அடியை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பாத்தேன், பாத்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

“நானே திரும்பக் கட்டிர்றேன் நானா. நாலு நாளு குடுங்க.”

“கட்டலாம். உக்கார ஆள் வருவாரா அக்கா?”

இராக்கம்மா கையிலிருந்த கொப்பின் இலையைக் கிள்ளினாள். வேண்டுமானால் கடையிலிருந்து ஆள் அனுப்பி அவிழ்த்துத் தருகிறேன் என்றார் ஹுமைத். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

“கட்டுன வீட்டு ஆளுதான் அவுக்கணும். நாளைக்கு நாயித்துக்கெழம. நானே அவுத்துர்றேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, துவக்கை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் போகாமல் சுற்று வழியில் இறங்கிப் போனார். அவள் கொண்டுவந்த கொப்பைக் கீழே போட்டாள். ஏணியில் வாடத் தொடங்கியிருந்த பழைய தழையையும் கழற்றி அதன்மேல் போட்டாள்.

இறங்கி வருகிற வழியெல்லாம், சொல்லாமலே விட்டுவிடலாமே என்று நினைத்தாள். பரண் போனாலும் தடங்களைத் தொடர்ந்து சொல்லலாம். படுத்துக் கிடப்பவன் போய்ப் பார்க்கவா போகிறான்? அப்படி நினைத்தவுடன், அவன் இனி எழுந்திருக்க மாட்டான் என்று தானே முடிவு கட்டிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை. மேட்டில் இரண்டு நிமிஷம் நின்றாள். பிறகு வேகமாக இறங்கினாள்.

வயிறு காய்ந்தவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது அவள் வழக்கம். முதலில் சோறு போட்டாள். அவன் கை கழுவியதும், விளக்கைத் தூண்டிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கட்டு உளுத்தது, விறகுப் பெண்கள், ஹுமைத், தான் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னது. மாடசாமி கேட்டு முடித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் சட்டி கழுவினாள். அடுப்பை மெழுகினாள். நாளைக்கு வேண்டிய விறகை எடுத்து வைத்தாள். சுவரைப் பார்த்தபடியே குரல் வந்தது.

“யாரு அவுக்குறா?”

“நாந்தான்.”

“எத மொதல்ல அவுப்ப?”

“ஏணிய.”

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவள் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஏணிய அவுத்துட்டு, நீ என்னா பருந்தா புள்ள? எப்பிடி எறங்குவ?”

மேலேயிருந்து கீழே வர வேண்டும், தட்டு முதலில், ஏணி கடைசியில் என்றான். கயிற்றை அறுக்கக் கூடாது, அறுத்தால் கட்டியவனுக்குக் கேவலம் என்றான். இழுத்தால் இறுகுகிற, எதிர்ப்பக்கம் தள்ளினால் இளகுகிற தன் முடிச்சைப் பற்றி வாயால் சொல்லிப் பார்த்தான், விளங்கவில்லை என்றாள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை எடுத்துவரச் சொல்லி, கட்டிலின் கால்மாட்டுக் காலில் போட்டுக் காட்டினான். படுத்தபடி கை எட்டவில்லை. நகர்ந்தான். அப்போதும் எட்டவில்லை. எரிச்சலோடு உடம்பைத் திருப்பி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே போட்டு, குனிந்து முடிச்சைப் போட்டான்.

இராக்கம்மா முடிச்சைப் பார்க்கவில்லை. அவன் இடது பாதத்தைப் பார்த்தாள். குதிகால் மண்தரையில் அழுந்தியிருந்தது. விரல்கள் விரிந்து, நகக்கண்ணில் இரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. நான்கு மாதத்தில் அந்தப் பாதம் தரையைத் தொட்டது இதுவே முதல் தடவை. அது அவனுக்குத் தெரியாது.

“இப்ப நீ அவுத்துக் கட்டு.”

கட்டினாள். தப்பு. அவன் மறுபடி குனிந்து, பாரத்தைக் காலில் கொடுத்து, அவிழ்த்துக் கட்டிக் காட்டினான். மறுபடியும் தப்பாகக் கட்டினாள். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கொழுந்து கிள்ளுகிற விரல்களுக்கு அந்த முடிச்சு முதல் தடவையே பிடிபட்டுவிட்டது. ஐந்தாவது தடவை அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஒனக்கு வெரலா, ஒலக்கையா?”

“மெதுவாச் சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் பழக்கமா?”

எண்ணெய் தீரும்வரை தப்பாகவே கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேட்டில் ஏறினாள். ஏணியில் கயிறு நன்றாக இருந்த பக்கமாகக் கால் வைத்துப் போய், கவட்டில் தடித்த கொப்பின்மேல் பாரத்தை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பனி வந்தது. பள்ளத்தில் என்ன வந்ததென்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. பிறகு எழுந்து, தட்டிலிருந்து தொடங்கி, ஒரு முடிச்சிலும் தடுமாறாமல் ஒவ்வொன்றாகத் தள்ளி இளக்கினாள். கடைசியாக ஏணி. கம்புகளை மரத்தடியில் நீளவாக்கில் அடுக்கி, கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மாடசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் காம்பராவுக்குள் வரவில்லை. கட்டிலிலிருந்து மூன்று எட்டு தள்ளி, வாசலுக்கு வெளியே இஸ்தோப்புத் திண்ணைத் தூணில் கயிற்றைச் சுற்றி, வேண்டுமென்றே புரட்டி ஒரு முடிச்சைப் போட்டாள்.

“இது எனக்கு வரமாட்டேங்குதுங்க. கொஞ்சம் பாருங்க.”

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கயிற்றின் நுனியைப் பின்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.