நடுவில் உட்கார்ந்த கைப்பை

ஷேடு அக்கா தோல் பை வேலைக்கு வந்தது பல் வழியாகத்தான். பொய்ப்பல் செய்யும் பட்டறையில் நிறம் சேர்க்கும் வேலை பார்த்தவள் அவள். கட்டிய பல் எது, முளைத்த பல் எது என்று வாய்க்குச் சொந்தக்காரருக்கே தெரியக்கூடாது, அப்படிச் சேர்ப்பாள். பட்டறை வேறு ஊருக்குப் போனபோது அவள் கூடப் போகவில்லை. ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை பிடித்து, தோல் பைகளின் கீறலை அடைத்து நிறம் ஏற்ற ஆரம்பித்தாள். பல்லுக்கு ஷேடு, அதாவது நிறம், சேர்த்ததால் வந்த பழைய பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

பையை வாங்கியதும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பாள். காரணம் தெரியாமல் பூசினால் திரும்பி வந்து நிற்கும் என்பது அவள் கட்சி. பைக்கு வைத்தியம் பார்க்கிறாயா, ஆளை விசாரணை பண்ணுகிறாயா என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வதுண்டு.

ஒருநாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி செங்கல் நிறக் கைப்பையைக் கொண்டுவந்தாள். முன்பக்கத்தில், நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்கு நிறம் போய்த் தோல் வெளிறிக் கிடந்தது. குறுக்கே ஆழமான கீறல்கள். எப்படி ஆனதென்று தனக்கே தெரியவில்லை என்றாள். அக்காவுக்கு அது விசித்திரமாகப் பட்டது. பை தேய்வதென்றால் மூலைகள் தேயும், உடம்போடு உரசும் பின்பக்கம் தேயும். முன்பக்க நடுவில் எது வந்து தேய்க்கும்?

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சு கறுத்துப் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். கிரீஸ். மருந்துக்கடையில் கிரீஸுக்கு என்ன வேலை என்று யோசித்தபடியே நைஸ் உப்புத்தாளால் தேய்த்தாள், கீறலில் பசை அடைத்தாள். காய்ந்ததும் பழுப்பில் சிவப்பைக் கலந்தாள். சிவப்பு தூக்கலாக நின்றதால் பச்சையில் ஒரு பொட்டு விட்டு அடக்கினாள். ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் நிறம் நிற்க மேல்பூச்சு. வாங்க வந்தவள் கீறல் இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அதே பை வந்தது. அதே இடம், அதே கிரீஸ். மருந்துக்கடைப் பெண் சாயத்தின் மேல் பழி போட்டாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை, மண்டைக் குடைச்சல்தான். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, காலையிலிருந்து பை எங்கெங்கே இருக்கும் என்று விசாரித்தாள். கடையில் மேசை டிராயருக்குள். வீட்டில் நாற்காலி மேல். போவதும் வருவதும் கணவனின் ஸ்கூட்டரில்.

"வண்டியில பை எங்க இருக்கும்?"

"நடுவுல."

"தோள்ல மாட்டிக்க மாட்டீங்களா?"

"முன்னாடி மாட்டுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்த்தாள்.

பிறகு விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கணவன் லிஃப்ட் மெக்கானிக், இடுப்பில் டூல்ஸ் மாட்டிய பெல்ட்டோடுதான் வண்டி ஓட்டுவான். தன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கலாம் என்று அவளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கேஸ் தீர்ந்துவிட்டது, பால் வாங்கணும் என்ற அளவில்தான். வண்டியில் இரண்டு பேருக்கும் நடுவில் பை ஏறி உட்கார்ந்துவிட்டது.

"அவரோட டூல்ஸ் பெல்ட்டுதான் கீறுது" என்றாள் அக்கா. "பெல்ட்டக் கழட்டச் சொல்லுங்க, இல்ல பைய எடுத்துருங்க. எது சுலபம்னு எனக்குத் தெரியல."

இரண்டாம் முறை பையை வாங்க மெக்கானிக்கே வந்தான். அக்காவால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னாள். தையற்கடையில் அளவு கொடுப்பவன் போல அவனும் திரும்பினான். முதுகுப்பக்கம் பெல்ட்டில் இரும்புக் கிளிப்புகள், கிரீஸ் பூசி மின்னின. பையை வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

"இத அவ சொல்லவே இல்லையே" என்றான்.

"நீங்களும் ஒண்ணு சொல்லாமத்தானே செஞ்சீங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சண்டைக்கு வரவில்லை. நிறம் வந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவியபடி, அண்ணனிடம் போய் எப்படி இல்லை என்று சொல்வது என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டான். அக்கா பையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் சிக்னலில் அவர்களைப் பார்த்தாள். பை ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கியது. மனைவி அவன் காதோரம் குனிந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, அவன் பாதி திரும்பிப் பதில் சொன்னான். நல்ல காரசாரம். "அண்ணன்" என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. அதற்குள் பச்சை விழுந்து வண்டி போய்விட்டது.

முடிவு தெரியாமல் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இல்லாத தலைவலியைச் சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். அந்தப் பெண் மாத்திரையை உறையில் போட்டு நீட்டினாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"நாங்க அங்க போகலக்கா. இவரே போய்ச் சொல்லிட்டாரு. அவங்க அண்ணனுக்கு வருத்தந்தான். ஆனா ஞாயித்துக்கிழமை எல்லாருமா சாப்பிட வராங்க. என்ன சமைக்கறதுன்னுதான் இப்போ சண்டை."